எர்னெஸ்ட் ரதர்போர்டு

எர்னெஸ்ட் ரதர்போர்டு (ஆகஸ்ட் 30, 1871 – அக்டோபர் 19, 1937) நியூசிலாந்தில் பிறந்து, கனடாவிலும் இங்கிலாந்திலும் பணியாற்றிய இயற்பியலாளர் ஆவார். அணுக்கருவைக் கண்டறிந்தவர் என்ற வகையில் இவர் பெரிதும் அறியப்படுகிறார். எனினும் 1908ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு இவருக்கு அணுக்கருவுக்காக வழங்கப்படவில்லை. தனிமங்களின் சிதைவு, கதிரியக்கப் பொருட்களின் வேதியியல் ஆகியவை குறித்த ஆய்வுகளுக்காகவே அது வழங்கப்பட்டது. அவ்வாய்வுகளுக்குத் தொடக்கமாக அமைந்தது, தோரியச் சேர்மங்களிலிருந்து வெளியேறும் ஒரு வளிமம் (வாயு) ஆகும். அது ரேடான் என்னும் தனிமத்தின் ஓர் ஓரிடத்தான் எனப் பின்னர் அறியப்பட்டது.

மண்ணிலிருந்து வீடுகளுக்குள் புகும் ரேடான், பல நாடுகளில் புகைபிடித்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் காரணியாகக் கருதப்படுகின்றது. வீடுகளில் இவ்வளிமம் தங்குகிறது என்பது ரதர்போர்டின் காலத்தில் ஒரு நலவாழ்வுச் சிக்கலாக உணரப்படவில்லை. ஆயினும் ரேடானை அளப்பதற்கும், அந்த அளவீடுகளைப் புரிந்துகொள்வதற்கும் தேவையான அடிப்படைகள் பலவும் இவரது ஆய்வுகளிலிருந்தே வந்தவை.

இளமையும் கல்வியும்

ரதர்போர்டு நியூசிலாந்தின் தெற்குத் தீவில், நெல்சன் நகருக்கு அருகிலுள்ள பிரைட்வாட்டர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் ரதர்போர்டு. தாய் மார்த்தா தாம்சன் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றியவர். இவர்களது பன்னிரண்டு பிள்ளைகளில் எர்னெஸ்ட் நான்காமவர்.

உதவித்தொகை பெற்று 1887இல் நெல்சன் கல்லூரியிலும், 1890இல் கிறைஸ்ட்சர்ச்சில் இருந்த கேன்டர்பரி கல்லூரியிலும் சேர்ந்தார். அங்கு 1892, 1893, 1894 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்து மூன்று பட்டங்களைப் பெற்றார். மின்காந்த அலைகளை உணரும் கருவி ஒன்றை அங்கேயே உருவாக்கினார். 1895இல், 1851ஆம் ஆண்டுப் பொருட்காட்சி நிதியிலிருந்து வழங்கப்பட்ட ஆய்வு உதவித்தொகையைப் பெற்று இங்கிலாந்து சென்றார்.

கேம்பிரிட்ஜ்

கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஜே. ஜே. தாம்சனின் கீழ் ஆய்வைத் தொடங்கினார். அக்காலத்தில் எக்சு கதிர்களும் (1895) யுரேனியத்தின் கதிரியக்கமும் (1896) அடுத்தடுத்துக் கண்டறியப்பட்டன. எக்சு கதிர்கள் பட்ட வளிமம் மின்சாரத்தைக் கடத்துவதைத் தாம்சனும் ரதர்போர்டும் ஆராய்ந்தனர். கதிர்கள் எத்தனை மின்மங்களை (அயனிகளை) உண்டாக்குகின்றன என்பதைச் சிறு மின்னோட்டங்களைக் கொண்டு அளக்கும் இம்முறையே, பிறகு கதிரியக்க ஆய்வில் ரதர்போர்டின் முதன்மைக் கருவியாயிற்று. யுரேனியக் கதிர்வீச்சில் இரண்டு வகை உண்டு என்று கண்ட இவர், எளிதில் தடுக்கப்படுவதற்கு ஆல்பா என்றும் ஊடுருவும் திறன் மிக்கதற்குப் பீட்டா என்றும் பெயரிட்டார்.

மொன்றியல்: தோரியத்தின் வளிமம்

1898இல், தமது 27ஆம் வயதில், கனடாவின் மொன்றியல் நகரிலுள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியரானார். அங்கிருந்த இயற்பியல் ஆய்வகம், புகையிலை வணிகரான வில்லியம் மெக்டொனால்டின் நன்கொடையால் அமைந்தது.

அங்கு மின்பொறியியல் பேராசிரியராக இருந்த ராபர்ட் ஓவென்ஸ், தோரியத்தின் கதிரியக்கத்தை அளந்துகொண்டிருந்தார். யுரேனியம் சீரான அளவீடுகளைத் தந்தது. தோரியமோ அவ்வாறு தரவில்லை. காற்றோட்டம் பட்டால் அளவீடு குறைந்தது. மூடிய கலத்தில் கூடியது. கதிர்வீச்சைக் காற்று அடித்துச் செல்ல இயலாது. ஆகவே தோரியத்திலிருந்து ஏதோ ஒரு பொருள் வெளியேறிக் காற்றுடன் கலக்கிறது என ரதர்போர்டு கருதினார். தோரியம் ஆக்சைடின் மீது காற்றைச் செலுத்தி, அக்காற்றைக் குழாய் வழியே தொலைவிலிருந்த கலத்துக்குள் அனுப்பி, அங்கு மின்னோட்டத்தை அளந்தார். காற்றை நிறுத்திய பின் மின்னோட்டம் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் பாதியாகவும், அடுத்த ஒரு நிமிடத்தில் காற்பங்காகவும் குறைந்தது. சம கால இடைவெளிகளில் சம விகிதத்தில் குறையும் இந்த ஒழுங்கே பின்னர் அரைவாழ்வுக் காலம் என்ற கருத்துருவாக வளர்ந்தது. தோரியத்தின் வளிமத்துக்கு அது 55.6 நொடிகள் என இன்று அறியப்பட்டுள்ளது.

இம்முடிவுகள் 1900ஆம் ஆண்டில் வெளியாயின. அவ்வாண்டிலேயே வெளியான மற்றொரு கட்டுரையும் குறிப்பிடத்தக்கது. வளிமம் பட்ட பொருட்களின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படிவு உண்டாகி, அதுவும் கதிரியக்கத்தைக் காட்டியது. எதிர்மின்னூட்டம் ஏற்றப்பட்ட கம்பியில் அப்படிவு மிகுதியாகச் சேர்ந்தது. அதன் கதிரியக்கம் பாதியாக ஏறத்தாழ 11 மணி நேரம் ஆயிற்று. ரேடான் சிதைந்து உண்டாகும் பொலோனியம், ஈயம், பிசுமத்து ஆகியவற்றின் குறுவாழ்வு ஓரிடத்தான்களே இத்தகைய படிவுகள். ரேடான் மந்த வளிமம் என்பதால் மூச்சுடன் உட்சென்றாலும் பெரும்பகுதி திரும்ப வெளியேறிவிடும். அதன் வழித்தோன்றல்களோ திண்மப் பொருட்கள். தூசியுடன் ஒட்டி நுரையீரலில் தங்கி, அங்கேயே ஆல்பா துகள்களை உமிழ்கின்றன. ரேடானால் விளையும் தீங்கில் பெரும்பங்கு இவற்றினுடையது. வளிமத்தையும் அதன் படிவையும் ரதர்போர்டு ஒரே ஆண்டில் விவரித்திருந்த போதிலும், அவற்றுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு தெளிவாகப் பல பத்தாண்டுகள் ஆயின.

1900ஆம் ஆண்டிலேயே செருமனியின் ஹாலே நகரில் பிரெடரிக் எர்ன்ஸ்ட் டோர்ன், ரேடியமும் இத்தகைய வளிமத்தை வெளியிடுவதைக் கண்டார். அது ரேடான்-222, அதன் அரைவாழ்வுக் காலம் 3.82 நாட்கள். மண்ணுக்குள்ளிருந்து வீட்டுக்குள் வந்து சேர ஒரு நிமிடம் போதாது, சில நாட்கள் போதும் என்பதால், வீடுகளில் பெரும்பாலும் அளக்கப்படுவது இதுவேயாகும். 1901இல் ரதர்போர்டும் அவரது மாணவி ஹாரியட் புரூக்ஸும், ரேடியத்தின் வளிமம் காற்றில் எவ்வளவு விரைவாகப் பரவுகிறது என்பதை அளந்து, அது எடைமிகுந்த ஒரு வளிமம் என்று காட்டினர்.

1900இல் நியூசிலாந்து சென்று மேரி நியூட்டனை மணந்தார். இவர்களது ஒரே மகள் ஐலீன் 1901இல் பிறந்தார்.

தனிமங்களின் சிதைவு

1901ஆம் ஆண்டு முதல் வேதியியலாளர் பிரெடரிக் சாடி, ரதர்போர்டுடன் இணைந்து பணியாற்றினார். வெப்பமூட்டப்பட்ட பிளாட்டினம், மக்னீசியம், ஈய குரோமேட்டு ஆகியவற்றின் மேல் செலுத்தியும் தோரியத்தின் வளிமம் எவ்வித மாற்றமும் அடையவில்லை. ஆகவே அது ஆர்கானின் குடும்பத்தைச் சேர்ந்த மந்த வளிமம் என முடிவு செய்தனர். நீர்மக் காற்றின் உதவியால் அதைக் குளிர்வித்து ஒடுங்கச் செய்தும் காட்டினர்.

திண்மமாகிய தோரியத்திலிருந்து முற்றிலும் வேறான ஒரு வளிமத் தனிமம் இடையறாது தோன்றுகிறது என்பதே இதன் பொருள். தனிமங்கள் மாறுவதில்லை என்ற அக்கால வேதியியலின் அடிப்படை நம்பிக்கைக்கு இது எதிரானது. 1902, 1903 ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில், கதிரியக்கம் என்பது அணுக்கள் சிதைந்து வேறு தனிமங்களாக மாறும் நிகழ்வு என்று இருவரும் விளக்கினர். ஒரு குறிப்பிட்ட அணு எப்போது சிதையும் என்று கூற இயலாது. ஆயினும் பெருந்தொகையான அணுக்களில் எத்தனை சிதையும் என்பதைத் துல்லியமாகக் கூறலாம் என்பது இக்கோட்பாட்டிலிருந்து பெறப்படும் முடிவாகும்.

1903இல் இவர் அரச கழகத்தின் உறுப்பினரானார். கதிரியக்கத்தால் பாறைகளில் சேரும் ஈலியத்தைக் கொண்டு பாறைகளின் அகவையைக் கணக்கிடலாம் என்ற கருத்தையும் இக்காலத்தில் முன்வைத்தார். கெல்வின் பிரபுவின் கணக்கைவிடப் புவி மிகவும் பழமையானது என்பதை இது உணர்த்தியது.

இதே ஆண்டுகளில் செருமானிய ஆய்வாளர்கள் யூலியஸ் எல்ஸ்டரும் ஹான்ஸ் கைட்டலும், திறந்த வெளியில் மின்னூட்டிய கம்பியைக் கட்டி, காற்றிலிருந்து கதிரியக்கப் படிவைச் சேகரித்தனர். குகைகளின் காற்றிலும், மண்ணிலிருந்து உறிஞ்சி எடுத்த காற்றிலும் கதிரியக்கம் மிகுந்திருந்தது. ரதர்போர்டு ஆய்வகத்தில் கண்ட வளிமம், மண்ணிலிருந்து எங்கும் கசிந்துகொண்டிருக்கிறது என்பது இவ்வாறு தெரியவந்தது.

மான்செஸ்டர்

1907இல் ரதர்போர்டு மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். ஆய்வுக்குத் தேவையான ரேடியத்தை வியன்னா அறிவியல் கழகம் கடனாக வழங்கியது. முதலில் அது ரதர்போர்டுக்கும் இலண்டனிலிருந்த வில்லியம் ராம்சேக்கும் பொதுவாக அனுப்பப்பட்டது. ராம்சே அதைத் தம்மிடமே வைத்துக்கொண்டதால், ரதர்போர்டுக்குத் தனியாக மற்றொரு பகுதி அனுப்பப்பட்டது. முதல் உலகப் போருக்குப் பின் வியன்னா ஆய்வகம் வறுமையில் வாடியபோது, கடனாகப் பெற்றிருந்த அந்த ரேடியத்துக்கு ரதர்போர்டு விலை கொடுக்க முன்வந்தார்.

ரேடியத்திலிருந்து வெளியேறும் ரேடானைச் சேகரித்துக் கண்ணாடிக் குழாய்களில் அடைத்து, அதை ஆல்பா துகள்களின் மூலமாகப் பயன்படுத்துவது மான்செஸ்டர் ஆய்வகத்தின் வழக்கமாயிற்று. 1908இல் தாமஸ் ராய்ட்ஸுடன் செய்த ஆய்வில், மிக மெல்லிய சுவருடைய கண்ணாடிக் குழாயில் ரேடானை அடைத்தார். அச்சுவரை ஆல்பா துகள்கள் கடக்கும், வளிமம் கடக்காது. சில நாட்களில் வெளிக்குழாயில் ஈலியத்தின் நிறமாலை தோன்றியது. குழாயில் ஈலியத்தையே அடைத்து, அது கசியவில்லை என்பதையும் உறுதி செய்தனர். ஆல்பா துகள் என்பது மின்னூட்டம் பெற்ற ஈலியம் என்பது இதனால் நிறுவப்பட்டது.

1909இல் ஹான்ஸ் கைகரும் எர்னெஸ்ட் மார்ஸ்டனும் செய்த புகழ்பெற்ற சிதறல் ஆய்விலும் ரேடான் அடைத்த குழாயே ஆல்பா துகள்களை வழங்கியது. உலோகத் தகட்டில் பட்ட துகள்களில் மிகச் சில பின்னோக்கித் திரும்பின. இதை விளக்கும் வகையில், அணுவின் நிறை ஏறக்குறைய முழுவதும் அதன் நடுவிலுள்ள மிகச் சிறிய பகுதியில் அடங்கியுள்ளது என 1911இல் ரதர்போர்டு அறிவித்தார். நீல்ஸ் போரின் அணு மாதிரிக்கு (1913) இதுவே அடிப்படையாயிற்று.

தற்செயலின் விதி

1910இல் ரதர்போர்டும் கைகரும், பொலோனியத்திலிருந்து வரும் ஆல்பா துகள்களை ஒளிரும் திரையில் ஒவ்வொன்றாக எண்ணினர். கணிதவியலாளர் ஹாரி பேட்மன் இதற்கான கணக்கீட்டை வழங்கினார். 7.5 நொடி கொண்ட 2608 இடைவெளிகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட துகள்கள் பதிவாயின. சராசரி, இடைவெளிக்கு 3.87 துகள்கள்.

துகள்கள் ஒன்றையொன்று சாராமல் தற்செயலாக வந்தால், எண்ணிக்கைகள் பாய்சான் பரவலைப் பின்பற்ற வேண்டும். அவ்வாறாயின் ஒரு துகளும் வராத இடைவெளிகள் 54 இருக்க வேண்டும், இருந்தவை 57. நான்கு துகள்கள் வந்த இடைவெளிகள் 508 இருக்க வேண்டும், இருந்தவை 532. கதிரியக்கச் சிதைவு தற்செயலானது என்பதற்கு இது வலுவான சான்றாயிற்று.

கதிரியக்க அளவீடுகள் அனைத்திலும் இவ்விதி பயன்படுகிறது. ஒரு கருவி 100 சிதைவுகளை எண்ணினால், அதன் நிச்சயமின்மை 100இன் வர்க்கமூலமாகிய 10. அதாவது 10 விழுக்காடு. 10,000 சிதைவுகளை எண்ணினால் நிச்சயமின்மை 1 விழுக்காடாகக் குறையும். வீட்டிலுள்ள ரேடானைச் சில மணி நேரம் அளப்பதைவிடச் சில மாதங்கள் அளப்பது சிறந்தது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேவண்டிஷ் ஆய்வக இயக்குநர்

1914இல் ரதர்போர்டுக்குச் சர் பட்டம் வழங்கப்பட்டது. போர்க்காலத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களை ஒலியால் கண்டறியும் ஆய்வில் ஈடுபட்டார். நைதரசன் அணுக்கருவை ஆல்பா துகள்களால் தாக்கி, அதிலிருந்து ஐதரசன் அணுக்கரு வெளிப்படுவதைக் கண்டு 1919இல் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே தாம்சனுக்குப் பின் கேவண்டிஷ் ஆய்வகத்தின் தலைமையை ஏற்றார்.

மின்னூட்டமற்ற துகள் ஒன்று அணுக்கருவில் இருக்கலாம் என 1920இல் இவர் முன்னுரைத்ததை, 1932இல் ஜேம்ஸ் சாட்விக் நியூத்திரனைக் கண்டறிந்து மெய்ப்பித்தார். அதே ஆண்டில் இவ்வாய்வகத்திலேயே ஜான் காக்கிராஃப்டும் எர்னெஸ்ட் வால்டனும் விரைவுபடுத்திய புரோத்தன்களைக் கொண்டு லித்தியம் அணுக்கருவைப் பிளந்தனர். 1925 முதல் 1930 வரை அரச கழகத்தின் தலைவராக இருந்தார். 1930இல் மகள் ஐலீன் மகப்பேற்றுக்குப் பின் இறந்தார். அடுத்த ஆண்டில் நெல்சனின் ரதர்போர்டு பிரபு என்னும் பட்டம் இவருக்கு அளிக்கப்பட்டது. நாட்சி ஆட்சியால் பதவியிழந்த அறிஞர்களுக்கு உதவ 1933இல் அமைக்கப்பட்ட கல்விசார் உதவிக் குழுவுக்குத் தலைமை தாங்கினார்.

இறப்பு

குடலிறக்கச் சிக்கலால் பாதிக்கப்பட்ட ரதர்போர்டு, அறுவை மருத்துவத்துக்குப் பின் 1937 அக்டோபர் 19 அன்று கேம்பிரிட்ஜில் காலமானார். இவரது சாம்பல் இலண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தில், நியூட்டனின் கல்லறைக்கு அருகில் வைக்கப்பட்டது. 1938 சனவரியில் கல்கத்தாவில் நடைபெற்ற இந்திய அறிவியல் மாநாட்டுக்கு இவர் தலைமை தாங்குவதாக இருந்தது. இவர் மறைவால் ஜேம்ஸ் ஜீன்ஸ் அப்பொறுப்பை ஏற்றார்.

வீடுகளில் ரேடான்

செருமனியின் ஷ்னீபெர்க் சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரல் நோய் ஒரு புற்றுநோய் என 1879இலேயே அறியப்பட்டிருந்தது. அதற்குக் காரணம் ரேடான் என்ற ஐயம் 1920களில் எழுந்தது. 1956இல் சுவீடனின் பெங்ட் ஹுல்ட்குவிஸ்ட், வீடுகளில் ரேடான் அளவீடுகளை வெளியிட்டார். 1984இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அணுமின் நிலையப் பொறியாளர் ஒருவர், பணியிடத்தின் கதிரியக்க எச்சரிக்கைக் கருவியைத் தொடர்ந்து ஒலிக்கச் செய்தார். ஆராய்ந்ததில், மாசு மின்நிலையத்திலிருந்து வரவில்லை, அவரது வீட்டிலிருந்து வந்தது எனத் தெரிந்தது. வீட்டின் காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,00,000 பெக்கெரல் ரேடான் இருந்தது. (ஒரு பெக்கெரல் என்பது நொடிக்கு ஒரு சிதைவு.) 1988இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, ரேடானை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சேர்த்தது.

ஒரு வீட்டில் ரேடான் எவ்வளவு சேரும் என்பதை மண்ணிலுள்ள ரேடியத்தின் அளவு, மண் துகள்களிலிருந்து வெளியேறும் பங்கு, மண்ணின் ஊடுபுகவிடும் தன்மை, அடித்தளத்தின் விரிசல்கள், வீட்டுக்கும் மண்ணுக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு, காற்றோட்டம் ஆகியவை முடிவு செய்கின்றன. இவை ஒன்றுடன் ஒன்று கூட்டப்படுவதில்லை, ஏறக்குறையப் பெருக்கப்படுகின்றன. பல காரணிகளின் பெருக்கற்பலனின் மடக்கை, அவற்றின் மடக்கைகளின் கூட்டுத்தொகை ஆகும். ஆகவே செறிவுகளின் மடக்கைகள் மணி வடிவ இயல்நிலைப் பரவலை ஒத்து அமைகின்றன. இதற்கு மடக்கை இயல்நிலைப் பரவல் என்று பெயர். மண்ணிலுள்ள காற்றின் ரேடான் அளவுகளும் இவ்வகைப் பரவலைப் பெரும்பாலும் காட்டுகின்றன. அங்கு செறிவு ஒரு கன மீட்டருக்குப் பல ஆயிரம் பெக்கெரல் இருப்பது இயல்பு.

1986இல் ஆன்டனி நீரோவும் குழுவினரும் அமெரிக்க வீடுகளின் அளவீடுகளைத் தொகுத்தனர். பெருக்கல் சராசரி ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 33 பெக்கெரலாகவும், கூட்டுச் சராசரி ஏறத்தாழ 55 பெக்கெரலாகவும், பெருக்கல் திட்ட விலக்கம் 2.8 ஆகவும் இருந்தன. அதாவது, மூன்றில் இரு பங்கு வீடுகள் 33ஐ 2.8ஆல் வகுத்துக் கிடைக்கும் 12க்கும், பெருக்கிக் கிடைக்கும் 92க்கும் இடையில் அமையும். பாதி வீடுகள் 33க்குக் கீழேயே இருக்க, சில வீடுகளின் மிக உயர்ந்த செறிவு கூட்டுச் சராசரியை 55க்கு உயர்த்துகிறது. இப்பரவலின்படி கணக்கிட்டால், நூற்றில் ஏறக்குறைய இரண்டு வீடுகள் 300 பெக்கெரலையும், இரண்டாயிரத்தில் ஏறக்குறைய ஒரு வீடு 1000 பெக்கெரலையும் தாண்டும். சாதாரண மணி வடிவப் பரவலைக் கொண்டு கணக்கிட்டால் 1000 பெக்கெரல் உள்ள வீடு இருக்கவே இயலாது என்ற தவறான முடிவு கிடைக்கும்.

இதனால் விளைவன இரண்டு. முதலாவது, ஊரின் சராசரியைக் கொண்டோ, அடுத்த வீட்டின் அளவைக் கொண்டோ ஒரு வீட்டின் நிலையை அறிய முடியாது. அவ்வீட்டையே அளக்க வேண்டும். இரண்டாவது, மிக உயர்ந்த செறிவுள்ள வீட்டில் வாழ்பவருக்கே இடர் அதிகம் எனினும், மொத்த நோயாளிகளில் பெரும்பாலோர் மிதமான செறிவுள்ள வீடுகளிலிருந்தே வருகின்றனர். அத்தகைய வீடுகளே எண்ணிக்கையில் மிகுதி. ஐரோப்பாவின் 13 ஆய்வுகளை ஒருங்கிணைத்து 2005இல் வெளியான முடிவின்படி, செறிவு ஒவ்வொரு 100 பெக்கெரல் கூடும்போதும் நுரையீரல் புற்றுநோய் இடர் ஏறத்தாழ 16 விழுக்காடு கூடுகிறது. புகைபிடிப்போருக்கு அடிப்படை இடரே பன்மடங்கு என்பதால், அவர்களுக்கு இக்கூடுதலும் பெரிதாகும். உலக நலவாழ்வு நிறுவனம் 2009இல், ஒரு கன மீட்டருக்கு 100 பெக்கெரல் என்ற மேற்கோள் அளவைப் பரிந்துரைத்தது. அது இயலாத நாடுகளில் 300ஐத் தாண்டலாகாது என்றும் கூறியது.

அளப்பதற்குப் பரவலாகப் பயன்படுவது, சிறு கலத்தில் வைக்கப்படும் ஒரு நெகிழித் துண்டு. ஆல்பா துகள்கள் அதில் பதிக்கும் தடங்களை வேதிமுறையில் பெரிதாக்கி, நுண்ணோக்கியில் எண்ணுவர். செறிவு மிகுந்திருந்தால் விரிசல்களை அடைத்தும், காற்றோட்டத்தைக் கூட்டியும், அடித்தளத்தின் கீழ்க் குழாய் பதித்து மண்ணின் காற்றை விசிறியால் கூரைக்கு மேல் வெளியேற்றியும் குறைக்கலாம்.

நினைவு

104ஆம் தனிமத்துக்கு 1997இல் ரதர்போர்டியம் என்ற பெயர் பன்னாட்டளவில் ஏற்கப்பட்டது. நியூசிலாந்தின் 100 டாலர் தாளில் இவரது உருவம் இடம்பெற்றுள்ளது. ஓட்டோ ஹான், நீல்ஸ் போர், ஜேம்ஸ் சாட்விக், பேட்ரிக் பிளாக்கெட், பியோத்தர் கப்பிட்சா, ஜான் காக்கிராஃப்ட், எர்னெஸ்ட் வால்டன் ஆகியோர் இவரிடம் பயின்றோ இவருடன் பணியாற்றியோ பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர்களுள் சிலர்.